ஆட்டுக்கு ரெண்டு கரடி

இலுப்பூர் கடைவீதியில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கும் அமராவதி, நாற்பத்தெட்டு வயது வரை சரக்கு எடுக்கத் திருச்சிக்கும் மதுரைக்கும் போனதோடு சரி. அவள் தம்பி ரகுநாத் ஜப்பானில் நகோயா நகரத்தில் ஒரு கார் கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன நாளிலிருந்து அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். இந்தப் பங்குனியில்தான் ஒருவழியாகக் கிளம்பினாள். கடையைப் பார்த்துக்கொள்வதாக அவள் கணவர் நாகராசு சொல்லிவிட்டார்.

ரகுநாத்தும் அவன் மனைவி ஹரிணியும் அவளைக் கோட்டைக்கும் பூ மரங்களுக்கும் கூட்டிப்போனார்கள். பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடை கண்ட இடத்தில் அவள் கால் தானாக நின்றது. ஒற்றைப் பேனா வாங்கினாலும் பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றுவதுபோலச் சுற்றித் தந்தார்கள். காசைக் கையில் வாங்காமல் சின்னத் தட்டை நீட்டினார்கள். கோட்டுப் போட்ட ஆபீஸ்காரர்களின் பையில் பூனை பொம்மை ஆடியது.

"எதையும் வாங்காம வெளிய வந்தாக்கூட நன்றி சொல்லி அனுப்புறாங்கங்க," என்று போனில் கணவரிடம் சொன்னாள்.

"நான் அப்படிச் சொன்னா, நக்கல் பண்றேன்னு சண்டைக்கு வருவாங்க," என்றார் நாகராசு.

இரண்டாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டில் இருவரும் வேலைக்குப் போன பிறகு, அமராவதி தனியாக ரயிலேறி, கூரை போட்ட பெரிய கடைவீதிக்குப் போனாள். அங்கே ஒரு கடையில் சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். காசைப் போட்டுக் கைப்பிடியைத் திருகினால் பிளாஸ்டிக் முட்டை ஒன்று உருண்டு விழும். உள்ளே ஒரு குட்டி பொம்மை. எது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு பெட்டியின் படத்தில் மிருகங்கள் போர்வை போர்த்திப் படுத்திருந்தன. பூனை, வாத்து, கரடி, ஆடு. அந்த ஆடு ஒரு காதை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, எதையோ தின்றுவிட்டு ஒன்றும் தெரியாததுபோல முழித்தது. அமராவதிக்கு அதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

திருகினாள். கரடி வந்தது. மறுபடி திருகினாள், கரடி. மூன்றாவதும் கரடி. கம்மலுக்குப் பேரம் பேசி மதுரை வியாபாரிகளையே அழவைத்தவள், ஒரு பெட்டியிடம் தோற்று நின்றதை நினைத்துச் சிரித்தாள்.

பக்கத்தில் கோட்டும் டையுமாக ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அதே பெட்டியில் திருகினார். அவருக்கு ஆடு வந்தது. அவர் கையில் ஏற்கெனவே ஓர் ஆடு இருந்தது. அவர் ஆடுகளைப் பார்க்கவில்லை, அவளுடைய கரடிகளைப் பார்த்தார்.

அமராவதி இரண்டு கரடிகளை நீட்டினாள். "எடுத்துக்கங்க. ஆட்டக் குடுங்க."

அவர் ஒற்றை விரலைக் காட்டினார். ஒன்று போதுமாம்.

"பரவாயில்ல, ரெண்டாவே வச்சுக்கங்க. எனக்கு ஒரு கரடி போதும்."

அவர் குனிந்து, ஆட்டை இரண்டு கையாலும் கொடுத்தார். வெற்றிலை பாக்கு வாங்குவதுபோல அவளும் இரண்டு கையால் வாங்கினாள். ஆனால் ஒன்றுக்கு இரண்டு வாங்கியது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். மாடிப்படியைக் காட்டி, வரச் சொல்லிக் கையசைத்தார்.

மேலே நீளமான மேசை ஒன்றைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆளாளுக்கு முன்னால் பொம்மைகள். தன்னிடம் இரண்டு இருப்பதைக் கொடுத்து இல்லாததை வாங்கிக்கொள்ளும் இடம். கடைக்காரரே போட்டுக் கொடுத்த மேசை. கோட்டுக்காரர் தன் டப்பாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். அமராவதி ஒரு வாத்தை எடுத்துக்கொண்டாள். அவர் முகம் தெளிந்தது.

எதிரே இருந்த கல்லூரிப் பெண் அமராவதியின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அமராவதியின் பையில் எப்போதும் பொட்டு அட்டை இருக்கும். பச்சைக்கல் பொட்டு ஒன்றை உரித்து அவளுக்கு வைத்துவிட்டாள். அந்தப் பெண் போனில் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்தவள் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள். பிறகு இன்னொருத்தி. எல்லோருக்கும் வைத்து முடித்ததும், கோட்டுக்காரர் கூச்சத்துடன் தன் கரடியை முன்னால் நகர்த்தினார்.

அந்த நேரத்தில்தான் ரகுநாத் மூச்சிரைக்க மாடியேறி வந்தான். அவள் போன் பையின் அடியில் கிடந்தது. அது இருக்கும் இடத்தைத் தன் போனில் பார்த்துத் தேடி வந்திருந்தான்.

"எத்தன தடவக்கா கூப்புடுறது? ஆபீஸ்ல சொல்லிட்டு ஓடியாறேன்."

"செத்த இருடா. இந்தக் கரடிக்கு மட்டும் வச்சுட்டு வாரேன்."

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு கோட்டுக்காரரிடம் ஜப்பானிய மொழியில் பேசினான். அவர் பெயர் ஒகாவா, இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை.

"இவரும் இவர் பொண்ணும் சேந்துதான் பொம்ம சேத்தாங்களாம். அது இப்ப படிக்க டோக்கியோ போயிருச்சு. கரடி இல்லாம ரெண்டு பேர் செட்டும் முடியாம நிக்கிதாம். ஒண்ணு கெடச்சா யாருக்குன்னு நெனச்சிட்டே வந்தாராம். நீ ரெண்டாக் குடுத்துட்ட."

அமராவதி அடுத்த பச்சைக்கல் பொட்டை உரித்தாள். "அப்ப மகளோடதுக்கும் வைக்கணும்ல."

நீ என்ன வேலை செய்கிறாய் என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். அவள் கடைக்கு வீடியோ கால் போட்டாள். இலுப்பூரில் அப்போது காலை வியாபாரம். திரையில் ஏழெட்டு முகங்கள் பொட்டுடன் எட்டிப் பார்ப்பதைக் கண்டு நாகராசு திகைத்தார்.

"யாருடி இவங்கெல்லாம்?"

"கஸ்டமருங்க. அந்த வளையல் சரத்தக் காட்டுங்க. இங்கிட்டு இல்ல, அங்கிட்டு. ரிப்பன் பக்கம்."

அவர் போனை மெல்ல நகர்த்த நகர்த்த, இந்தப் பக்கம் எல்லோரும் ஒரே குரலில் மூச்சை உள்ளிழுத்தார்கள். கண்ணாடி வளையல், ஜிகினா ரிப்பன், ஜடைக் குஞ்சம், எல்லாம் வேண்டுமாம். ரகுநாத் எழுதிக்கொண்டே வந்தான்.

ஊர் திரும்பியதும் அமராவதி முதல் வேலையாகப் பார்சல்களை அனுப்பினாள். அடுத்தது, கடை வாசலில் மேசை ஒன்றைப் போட்டாள். பொம்மைக்கு இல்லை. ஜோடி தொலைந்த ஒற்றைக் கம்மலுக்கு. ஒரே டிசைனை நூறு பேருக்கு விற்றவள் அவள்தானே? ஒருத்தி தொலைத்ததற்கு ஜோடி இன்னொருத்தி வீட்டில் சும்மா கிடக்கும். கொண்டு வந்து மாற்றிக்கொள்ளட்டும்.

"இது எங்கிட்டுப் போயி முடியுமோ," என்றார் நாகராசு.

ஞாயிற்றுக்கிழமை அன்னவாசலிலிருந்து பஸ்ஸில் வந்தாள் தேவிப்ரியா, பள்ளிக்கூட டீச்சர். அவளிடம் ஒரு மயில் ஜிமிக்கி. அதன் ஜோடியை ராக்காயி என்ற கல்லூரி மாணவி நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆளுக்கு ஒன்று. யார் யாருக்குக் கொடுப்பது?

"நீங்களே வச்சுக்கங்க டீச்சர். எனக்கு இந்தச் செவப்புக்கல்லுக்கு ஜோடி வேணும், அது ஒங்கட்ட இருக்கான்னு பாருங்க," என்று தன் இன்னொரு ஒற்றைக் கம்மலைக் காட்டினாள் ராக்காயி.

தேவிப்ரியா பர்சைக் கொட்டித் தேடினாள். இருந்தது. சுற்றி நின்றவர்கள் தங்கள் ஒற்றைக் கம்மல்களை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளிவைத்தார்கள். காலை முழுக்கக் கடை வாசலில் நிற்க இடமில்லை. மதியம் நாகராசு யாரிடமும் சொல்லாமல் இன்னொரு மேசை பார்த்துவரக் கிளம்பினார்.