சேதி கொண்டுபோனவள்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். நடந்த கல்யாணம் நிலைக்க இன்னும் எத்தனை பொய் வேண்டும் என்று எந்தப் பெரிய மனிதரும் சொல்லி வைக்கவில்லை. அந்தப் பாரம் ஓர் எட்டு வயதுப் பெண்ணின் தலையில் விழுந்தது.

அப்பாவும் அம்மாவும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். காரணம் கேட்டால் அவர்களுக்கே மறந்திருக்கும். வீம்பு மட்டும் மறக்கவில்லை. சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவே அவள்தான் ஓடினாள். சித்தப்பா அவளுக்குத் 'தபால்' என்று பேர் வைத்துச் சிரித்தார். சிரிக்கிற விஷயமா அது?

"கொட்டிக்க வரச் சொல்லுடி" என்பாள் அம்மா. "அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்கப்பா" என்று போய் நிற்கும் தபால். "அவ ஆக்கினதை அவளே திங்கட்டும்" என்பார் அப்பா. அது சமையலறைக்கு வந்து சேரும்போது, "அப்பாவுக்கு இப்போ பசிக்கலையாம், உன்னை முதல்ல சாப்பிடச் சொன்னாரு" என்று ஆகியிருக்கும். அன்றைக்கு வீட்டில் தட்டு பறக்காது. அவளுக்கு அது போதும்.

பழக்கம் விடவில்லை. பதினைந்து வயதில், சண்டை போட்டுக்கொண்ட இரண்டு தோழிகளிடமும் தேன் தடவித் தடவிப் பேசினாள். கடைசியில் அவர்கள் ஒன்று சேர்ந்து இவளை ஒதுக்கினார்கள். பிறகு ஒரு கம்பெனியில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வீட்டில்தான் விடியவில்லை. "உனக்கு என்ன வேணும்? ஒரு தடவையாவது உன் வாயால சொல்லேன்" என்று கட்டியவன் ஆறு வருஷம் கேட்டுப் பார்த்தான். அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவன் போய்விட்டான்.

இப்போது அப்பா ஆஸ்பத்திரியில். இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா கூப்பிடாமல் உள்ளே போவதில்லை என்று அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா வந்திருக்காங்கப்பா. வரச் சொல்லட்டுமா?"

"வேணாம். அவ மூஞ்சியப் பாத்துட்டுப் போகணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல."

இந்த ஒரு தடவையாவது உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்றுதான் வெளியே வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நாக்கு பழைய வழியில் போயிற்று.

"உன்னைப் பாக்கணும்னு சொல்றாரும்மா."

அம்மா அவசரமாகத் தலையைக் கோதிக்கொண்டு எழுந்தாள். அறுபத்தைந்து வயதில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை மகள் பார்த்ததே இல்லை. இரண்டே நிமிஷத்தில் அம்மா திரும்பி வந்துவிட்டாள்.

"சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. வரச் சொன்னது நீதானே?"

அம்மா மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"உனக்கு ஒம்போது வயசிருக்கும். நான் பெட்டி கட்டிட்டு நின்னேன். நீ போயிட்டா இந்த வீடு வீடாவே இருக்காதுன்னு அப்பா அழறாருன்னு ஓடி வந்து சொன்னே. அதுவும் நீதானா?"

'இல்லம்மா, அது அப்பாதான்' என்று நுனி நாக்குவரை வந்தது. பாழாய்ப்போன நாக்கு. அதைக் கடித்துக்கொண்டாள்.

"நான்தாம்மா."

அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை.

"அதை நம்பித்தான் பெட்டியப் பிரிச்சேன்" என்றாள். "அப்போ இந்த முப்பது வருஷமா நான் உன்கூடத்தான் குடும்பம் நடத்தியிருக்கேன்."