என் ரெண்டு பாக்கெட்

எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் குடித்தால் மிச்சம் வைக்கக் கூடாது என்பது எங்கள் காலேஜில் சட்டம் மாதிரி. கர்நாடகச் சரக்கோடு எல்லை தாண்டினால் செக்போஸ்டில் பையைத் துழாவுவார்கள், வயிற்றைத் துழாவ மாட்டார்கள். இந்த அரிய உண்மையைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவன் நாசமாய்ப் போக.

சனிக்கிழமை காலை இன்டர்னல் தேர்வு முடிந்ததும் மூன்று பேர் ஒரே வண்டியில் போனோம். வண்டி சென்னகிருஷ்ணனுடையது. மாதேஸ்வரன் மலைப்பக்கம் அஞ்செட்டிக்காரன், என் அறைத் தோழன். நான் தினேஷ்குமார். வகுப்பில் பயந்தாங்கொள்ளி என்றால் என்னைத்தான் காட்டுவார்கள்.

ஆளுக்கு ரெண்டு பாக்கெட் விஸ்கி வாங்கினோம். அவர்கள் இருவரும் எனர்ஜி டிரிங்க் டின்னோடு கலந்து குடித்தார்கள். திரும்பும்போது வண்டி ஓட்ட வேண்டியவன் நான் என்பதால் தொடவில்லை. என் ரெண்டு பாக்கெட்டும் அப்படியே இருந்தன. கீழே கொட்டியிருக்கலாம். கொட்ட மனம் வரவில்லை.

"உனக்குத்தான் ஏறவே இல்லியேடா, இதையும் நீயே முடி" என்று மாதேஸ்வரனிடம் நீட்டினேன். ஏறின மாதிரி நிஜமாகவே தெரியவில்லை. பேச்சு தெளிவாக இருந்தது. ஒற்றைக் காலில் நின்றுகூடக் காட்டினான். டின்னில் இருந்தது போதையை மறைக்கிறதே தவிரக் குறைப்பதில்லை என்று எந்த மடையனுக்குத் தெரியும்?

செக்போஸ்டில் எங்களை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சிப்காட் அருகே வரும்போது, நடுவில் உட்கார்ந்திருந்த மாதேஸ்வரனின் நெஞ்சு என் முதுகில் இடித்தது. சட்டையைத் தாண்டி ஒவ்வொரு துடிப்பும் தெரிந்தது.

"மச்சி, உள்ள என்னமோ பண்ணுதுடா. நிறுத்து."

நிறுத்துவதற்குள் துடிப்பு தாறுமாறானது. நாலு வேகமாக வந்தது, பிறகு ஒன்றுமே இல்லை, மறுபடி மூன்று வந்தது. அவன் பாரம் முழுதும் என்மேல் சாய்ந்தது. சென்னகிருஷ்ணன் அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொள்ள, கண்ணில் பட்ட முதல் ஆஸ்பத்திரிக்குள் வண்டியை விட்டேன்.

டாக்டரம்மா அவன் இமையை விலக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எவ்வளவு குடிச்சான்?"

"ரெண்டு பாக்கெட் மேடம்" என்றான் சென்னகிருஷ்ணன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினான், வாயை மூடு என்று.

போலீஸ், காலேஜ், அப்பா என்று எல்லாம் சேர்ந்து கண்முன் வந்தது. ஒரு நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். மறைத்து என்ன பயன்? கட்டிலில் மாதேஸ்வரனின் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

"நாலு மேடம். அதுல ரெண்டு என்னோடது. நான்தான் குடுத்தேன். எனர்ஜி டிரிங்க்கும் நாலு டின்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். நர்ஸைக் கூப்பிட்டார், கட்டிலோடு அவனை உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார்கள். "அவங்க வீட்டுக்குச் சொல்லுங்க. இப்பவே" என்று போகிற போக்கில் சொன்னார்.

அவன் அம்மா சரோஜம்மாளுக்குப் போன் போட்டேன். உளறிக் கொட்டியதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உசுரு இருக்குதா?"

"இருக்குதும்மா."

"அவ்ளோ குடிக்கமாட்டானே. யாரு குடுத்தது?"

சென்னகிருஷ்ணன் தலையை ஆட்டி வேண்டாம் என்றான். "நான்தாம்மா" என்றேன்.

கெட்ட வார்த்தை எதையாவது சொல்லித் திட்டமாட்டாரா என்று இருந்தது.

"இங்கிருந்து பஸ்ஸு நாலு மணிக்குத்தான். நான் வந்து சேர்ற வரைக்கும் அவன உட்டுட்டு எங்கியும் போயிடாத சாமி."

என்னைப் போய் சாமி என்றார். மணி ரெண்டுதான் ஆகியிருந்தது. கதவின் சின்னக் கண்ணாடி வழியாக அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணைச் சிமிட்டவே பயமாக இருந்தது.