நாற்பத்தாறு புள்ளி எட்டு

டெல்ஃபினாவின் பாடக் கிரெடிட்டுகளின் கூட்டுத்தொகை நாற்பத்தாறு புள்ளி எட்டில் நின்றது. மூன்று முறை கூட்டினேன், நகரவில்லை. வேண்டியது நாற்பத்தெட்டு. அவள் ஒரு பாடத்திலும் தோற்கவில்லை. பிறகு மீதி எங்கே போனது?

கல்லூரி விளையாட்டுத் துறையில் விதிகளைச் சரிபார்ப்பது என் வேலை. வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் ஆட்டக்காரர் மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டப்படிப்பில் நூற்றுக்கு நாற்பது பங்கை முடித்திருக்க வேண்டும். எங்கள் பட்டத்துக்கு நூற்றிருபது கிரெடிட். அதில் நூற்றுக்கு நாற்பது என்றால் நாற்பத்தெட்டு. குறைந்தால் களத்தில் இறங்க முடியாது. ஐந்து மணிக்குத் தகுதி பெற்றவர்களின் பட்டியல் போய்விடும். இப்போது நான்கு இருபது.

டெல்ஃபினா எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"இந்த சீசன் முழுக்க வெளிய உட்காரணுமா, மிஸ் ஹாஸ்கெல்?"

"இன்னும் முடியல. இரு."

பயிற்சியாளர் பிரானிகன் கதவில் சாய்ந்து நின்றார். "கையெழுத்தப் போடு, கோரின். ஒண்ணேகால் கிரெடிட்ட யாரு பூதக்கண்ணாடி வச்சுத் தேடப் போறா?"

"யாராவது தேடினா, இவ ஆடி ஜெயிச்ச எல்லா ஆட்டத்தையும் அழிச்சிருவாங்க. அதுல உங்க பேருதான் முதல்ல வரும்."

அவர் நிமிர்ந்து நின்றார். சரியென்று தவறாக எழுதினால் அணி போகும். தவறென்று தவறாக எழுதினால் இந்தப் பெண் போவாள். இரண்டுக்கும் கீழே என் கையெழுத்து.

"பழைய காலேஜ்ல எழுபத்திரண்டு கிரெடிட் வாங்கினேன்," என்றாள் டெல்ஃபினா, மெதுவாக. "முழுசா எழுபத்திரண்டு. இங்க வர்ற பஸ்ல திரும்பத் திரும்ப எண்ணினேன்."

எழுபத்திரண்டு. என் தாளில் அந்த எண்ணே இல்லை.

அவளுடைய பழைய கல்லூரியில் ஆண்டுக்கு மூன்று பருவம், எங்களுக்கு இரண்டு. அங்கே பருவம் குறுகியது, ஆகவே அவர்களுடைய ஒரு கிரெடிட் எங்களுக்கு மூன்றில் இரண்டு பங்குதான். நான் பதினெட்டுப் பாடங்களையும் ஒவ்வொன்றாக மாற்றியிருந்தேன். எல்லாமே நான்கு கிரெடிட் பாடங்கள். அப்படி ஒரு பாடம் எங்கள் கணக்கில் இரண்டு புள்ளி ஆறு ஆறு ஆறு என்று முடிவில்லாமல் ஓடும். என் படிவத்தில் ஒரு தசம இடம்தான். ஒவ்வொரு வரியிலும் 2.6 என்று எழுதி, மிச்சத்தை வெட்டி எறிந்திருக்கிறேன். பதினெட்டு வெட்டு. விழுந்தது ஒன்று புள்ளி இரண்டு.

"என்ன ஆச்சு?" என்றார் பிரானிகன்.

"தப்பு அவளோடது இல்ல. என்னோடது."

மணி நான்கு நாற்பது. புதிய தாளை எடுத்தேன். முதலில் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும், கடைசியில் ஒரே ஒரு முறை மாற்ற வேண்டும்: பதினெட்டுப் பாடம், எழுபத்திரண்டு கிரெடிட், அதில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பத்தெட்டு.