கலாராணி பார்க்கப் பார்க்கப் பிந்திய மணி

பண்டாரவளை பஸ் நிலையத்துக்கு மேலே, சாப்பாட்டுக் கடை மாடியில் நடக்கும் கணினி மாலை வகுப்புக்கு ஒரே ஒரு சட்டம்தான்: மணி அடிக்காமல் யாரும் எழும்பக் கூடாது. அந்த மணியை ஆள் யாரும் அடிப்பதில்லை. வகுப்புப் பிள்ளைகளே செய்த ஒரு சர்க்யூட் பலகை, வகுப்புத் தொடங்கியதிலிருந்து வினாடிகளைக் குறைத்துக் குறைத்து எண்ணி, பூச்சியம் வந்ததும் அடிக்கும்.

அந்த மணி கொஞ்ச நாளாகப் பிந்தத் தொடங்கியிருந்தது.

"சார், போன்ல நேரம் தாண்டிருச்சுங்க" என்று சொல்லிப் பார்த்தார்கள். பரமலிங்கம் சார் அசையவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, குளிருக்குக் கழுத்துத் துண்டை மட்டும் பழகிக்கொண்டவர்.

"நாங்கள் செய்ததை நாங்களே நம்பாட்டி வேற ஆர் நம்புறது? பிழை இருந்தால் கண்டுபிடியுங்கோ. பிடிக்கிறவரைக்கும் மணி சொல்றதுதான் நேரம்."

பலகை சரியாக எண்ணுகிறதா என்று முதலிலிருந்தே பார்த்துவந்தவள் கலாராணி; கண்டுபிடிக்கும் பொறுப்பும் அவள் தலையிலேயே விழுந்தது. வகுப்பில் அவளைப் போல் நிதானமானவள் இல்லை. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, இழுத்துப் பார்த்து, பாதி வழி போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிற சாதி அவள். அதோடு, மணி பிந்தினால் உண்மையில் நட்டப்படுகிறவளும் அவள்தான். ஹல்துமுல்லைப் பக்கம் போகும் கடைசி பஸ் மணி அடிக்க வேண்டிய நேரம் ஆன கையோடு கிளம்பிவிடும். போன வாரம் அதைத் தவறவிட்டு நின்றபோது, அப்பா சின்னராசா பக்கத்து லயத்து வீட்டு ஆட்டோவைக் கெஞ்சிக் கூட்டிவந்தார். இறங்கும்போது சொன்னார்:

"இன்னொரு வாட்டி பஸ்ஸ விட்டுட்டு நின்னா, கிளாசு வேணாம். அவ்வளவுதான்."

சின்னராசா அவ்வளவுதான் என்றால் அவ்வளவுதான். அவர்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில் நாய்க்குக்கூட அது தெரியும்.

அதனால் கலாராணி வகுப்புத் தொடங்கியதுமே பிழை தேடும் மென்பொருளான டிபக்கரைத் திறந்துகொள்வாள். பலகையிலிருந்து ஒரு கம்பி அவளுடைய கணினிக்கு வரும். அவள் நிறுத்து என்றால் பலகையின் மூளையான சிப் நிற்கும். அதன் ரெஜிஸ்டர்களில், அதாவது சிப் தன் கைக்குள்ளேயே வைத்திருக்கும் எண்களில், என்ன இருக்கிறதென்று திரையில் தெரியும். வேண்டுமானால் அந்த எண்ணை மாற்றியும் எழுதலாம். பிறகு ஓடு என்றால், நடுவில் ஒன்றுமே நடக்காதது மாதிரி சிப் தன் பாட்டில் ஓடும்.

அவள் இதைத் தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தை வைத்துத்தான் விளங்கிக்கொண்டாள். கங்காணி ஆட்களை எண்ணிக்கொண்டு போகிறார். "எத்தனங்க?" என்று கேட்டால் நின்று எண்ணைச் சொல்வார். "இல்லைங்க, இருவது" என்று நம்பும்படி சொல்லிவிட்டால் இருபத்தொன்றிலிருந்து தொடர்வார். மீதி வினாடிகளை எண்ணும் நான்காவது ரெஜிஸ்டர்தான் இந்த மணியின் கங்காணி.

நிறுத்துவாள், பார்ப்பாள். எண் குறைந்திருக்கும். சரிதான். சரியாகத்தான் பார்த்தோமா? மற்ற ரெஜிஸ்டர்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பிறகு ஓட விடுவாள். கொஞ்சம் கழித்து மறுபடி நிறுத்துவாள். எதிலும் பிழை இல்லை. மணி மட்டும் நாளுக்கு நாள் இன்னும் பிந்தியது. பிந்தப் பிந்த அவளுக்குச் சந்தேகம் கூடியது. கூடக் கூட அவள் இன்னும் அதிகம் பார்த்தாள்.

அன்று மாலை ஜன்னல் வழியே கீழே பஸ் தெரிந்தது. விளக்குப் போட்டாயிற்று. டிரைவர் ஏறிவிட்டார். மணி அடிக்கிற வழியைக் காணோம்.

பக்கத்து நாற்காலியில் புவாத் கடலை கொறித்துக்கொண்டிருந்தான். டவுனில் அவன் வாப்பாவுக்குச் சாமான் கடை. கடையில் மூட்டை தூக்குவதிலிருந்து தப்பத்தான் வகுப்புக்கு வருகிறான் என்பது ஊரறிந்த விஷயம்.

"கலா, ஒனக்குக் கண்ணூறு இருக்கு."

"சும்மா இரு புவாத்."

"சத்தியமா. நீ பாக்குறப்பல்லாம் அது செத்துப் போவுது."

"எது?"

"இந்தா, இந்தச் செவப்பு லைட்டு. பலகையில, கம்ப்யூட்டருக்குப் பின்னால இருக்கு, ஒனக்குத் தெரியாது. செக்கனுக்கு ஒருக்கா மினுங்கும். நீ ஸ்கிரீனுக்குள்ள மூக்க விட்டா நிண்டுருது. நீ ஓட விட்டா திரும்ப மினுங்குது. ஒரு வாரமா பாக்குறேன், நல்ல தமாசு."

கலாராணி எட்டிக் கணினிக்குப் பின்னால் பார்த்தாள். கங்காணியை நிறுத்திக் கேட்டால், கேட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் அவர் எங்கே எண்ணுவார்? மணியில் ஒரு பிழையும் இல்லை. ஒவ்வொரு நாளும் அவள் எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்துப் பார்த்தாளோ, அவ்வளவு நேரம் பிந்தியிருக்கிறது.

"ஒரு வாரமாவா? பாவி, ஏன் சொல்லல?"

"சொன்னா மணி நேரத்துக்கு அடிச்சிரும். நேரத்துக்கு அடிச்சா வாப்பா மூட்ட தூக்கச் சொல்லுவாரு."

கீழே பஸ் ஒரு தரம் ஹோர்ன் அடித்தது. சார் கரும்பலகைப் பக்கம் திரும்பி எதையோ வரைந்துகொண்டிருந்தார். புவாத் குனிந்து காதோடு சொன்னான்:

"எழுதிரு. அஞ்சுன்னு எழுது."

"அது களவு."

"களவு போனத திருப்பி வைக்கிறதுக்குப் பேரு களவா?"

நியாயமாகத்தான் பட்டது. சிப்பை நிறுத்தினாள். நான்காவது ரெஜிஸ்டரில் இன்னும் பெரிய எண் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதை அழித்து ஐந்து என்று எழுதினாள். சரியாக எழுதினோமா? வாசித்துப் பார்த்தாள். ஐந்து. நான்காவதுதானா, ஐந்தாவதா? நான்காவதுதான். இருந்தாலும்...

"கலா, ஓட விடு! நீ பாத்துக்கிட்டு இருந்தா அது நாளைக்கும் அஞ்சுதான்!"

விரலைப் பிடித்து அமுக்காத குறை. ஓட விட்டாள். சிவப்பு வெளிச்சம் புவாத்தின் முகத்தில் மினுங்கியது. அவன் உதட்டாலேயே எண்ணினான். மணி கணீரென்று அடித்தது.

"அட, இண்டைக்குப் பிந்தேல்லைப் போல!" சார் மலர்ந்து திரும்பினார். "பிழையைப் பிடிச்சிட்டீரோ, பிள்ளை?"

"பிடிச்சிட்டேங்க சார். நாளைக்குச் சொல்றேங்க!"

பையைத் தூக்கிவிட்டாள். ஆனால் பழக்கம் விடுமா? பூச்சியம்தானே வந்தது என்று ஒரே ஒரு தடவை நிறுத்திப் பார்த்தாள். பூச்சியம்தான். நிம்மதியாகப் படியில் ஓடினாள். நகரத் தொடங்கிய பஸ்ஸில் கண்டக்டர் கையைக் கொடுத்து ஏற்றினார்.

"எந்த எடத்துல தங்கச்சி மணி அடிக்குது? விடாம அடிக்குதே."

கலாராணி காது கொடுத்தாள். மாடியிலிருந்து மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடி என்று சொன்ன சிப், நிறுத்து என்று சொல்வதற்குள் அவள் அதை உறைய வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

போன் அடித்தது. புவாத்.

"கலா, கடைசியா ஒருக்கா பாத்தியா?"

"பாத்தேன்டா! ஓடுன்னு அமுக்கு, நின்னுரும்!"

"தெரியும். ஆனா சார் ஒருத்தரையும் தொட விடுறாரு இல்ல. மணி அடிச்சு முடியுற வரைக்கும் எழும்பக் கூடாதாம்." குரலில் அப்படி ஒரு ஆனந்தம். "அவசரமில்ல, நீ மெல்லமா போ. வாப்பாவுக்கு இந்தச் சத்தம் கடை வரைக்கும் கேக்கும், பொய் சொல்லத் தேவையில்ல."

பின்னால் மணிச்சத்தத்துக்கு மேலாகச் சாரின் குரல் கேட்டது: "கலாராணி, நாளைக்குக் கட்டாயம் வாரும்! உம்மட மணியை நீர்தான் நிப்பாட்ட வேணும்!"

தோட்டத்துச் சந்தியில் சின்னராசா டோர்ச்சோடு நின்றார். பஸ்ஸைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"புடிச்சிட்டியே" என்றார். "நாளைக்கும் கிளாசு இருக்கா?"

"இருக்குப்பா" என்றாள் கலாராணி. "இன்னைக்கு கிளாசே இன்னும் முடியலப்பா."