உரித்தெடுத்த சீட்டுகள்

என் மனைவி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தபோது, அவள் வேலை பார்த்த காது கேளாதோர் பள்ளியின் தலைமையாசிரியை போன் செய்தார். புதிதாக வந்த கணக்கு டீச்சர் கெட்டிக்காரர், சைகை மொழியும் நன்றாகத் தெரிந்தவர். ஆனால் பின்னக் கணக்குக்கு என் மனைவி தானே உண்டாக்கிய சைகைகள் அவருக்குத் தெரியாது. அவற்றிலேயே இரண்டு வருடம் படித்த பிள்ளைகள் இப்போது திருதிருவென்று விழிக்கிறார்கள். பரீட்சைக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. அவள் வீட்டில் எடுத்து வைத்த பாட வீடியோக்கள் கிடைக்குமா என்று கேட்டார்.

நாளைக்கே தருகிறேன் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவளுடைய மேஜைமேல் செங்கல் கனத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. எல்லாப் பாடமும் அதில்தான். வேறு நகல் கிடையாது. அவளுடைய கணினியைப் பார்க்கப் பிடிக்காமல் முதல் மாதமே அவள் தங்கை மகளுக்குக் கொடுத்திருந்தேன். அந்தப் பெண் அதில் இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாக்கிக்கொண்டாள்.

டிஸ்க்கை இணைத்தேன். விளக்கு எரிந்தது. உள்ளே எதுவோ சுற்றத் தொடங்கி, 'டக்' என்று நின்றது. மறுபடி சுற்றியது, மறுபடி நின்றது. நான்கைந்து தடவை பார்த்துவிட்டு வயரைப் பிடுங்கினேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. இதுவும் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். தலைமையாசிரியைக்குச் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். இரண்டும் சரியாக வரவில்லை.

மறுநாள் காலை மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். விஷயத்தைச் சொன்னதும் டிஸ்க்கைக் காதில் வைத்துக்கொண்டு மறுபடி சொருகச் சொன்னான். பிறகு அதற்குக் கரண்ட் தரும் அடாப்டரைத் திருப்பி, எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்தை வாசித்தான்.

"அத்தான், இது சாகல. பட்டினி கிடக்குது."

வோல்ட் சரிதான், பன்னிரண்டு. ஆனால் இந்த அடாப்டர் அரை ஆம்பியருக்கு மேல் தராது. சுற்ற ஆரம்பிக்கும் நேரத்தில் டிஸ்க் அதைப்போல மூன்று நான்கு மடங்கு இழுக்கும். லிஃப்டும் அப்படித்தானாம், கிளம்பும்போதுதான் அதிகம் கேட்குமாம். இதனுடைய சொந்த அடாப்டர் எங்கே என்று கேட்டான். அக்காதான் ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதி ஒட்டுவாளே, அதைப் பார்த்தால் போதுமே என்றான்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அவள் போன பிறகு, அவள் கையெழுத்து இனிப் புதிதாக வரப்போவதில்லை என்று தோன்றி, வீட்டில் இருந்த சீட்டுகளையெல்லாம் பிளேடால் மெல்ல உரித்து ஒரு நோட்டில் ஒட்டியிருந்தேன். டப்பா, சாவி, வயர், அடாப்டர், ஒன்றையும் விடவில்லை. அன்று கழற்றிய கறுப்பு அடாப்டர்களைத் திரும்ப மாட்டும்போது கைக்கு வந்ததை வந்த இடத்தில் சொருகியிருக்கிறேன்.

நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். மச்சான் கேலி செய்வான் என்று பார்த்தேன். அவன் பக்கம் பக்கமாகப் புரட்டினான். ஒரு பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். அது 'தம்பி கொடுத்த டார்ச்' என்ற சீட்டு. பிறகு வேண்டியது கிடைத்தது: 'பெரிய டிஸ்க். 12 வோல்ட், 2 ஆம்பியர். வேறு எதையும் சொருகாதே.'

எழுந்துபோய் வீட்டில் உள்ள அடாப்டர்களையெல்லாம் கவிழ்த்துப் பார்த்தான். கடைசியில் இன்டர்நெட் மோடத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மூணு மாசமா மோடத்துக்கு விருந்து வச்சிருக்கீங்க. இவன்தான் பாவம்."

சரியான அடாப்டரை மாட்டியதும் டிஸ்க் ஒரே சீராகச் சுற்றியது. விண்டோஸ் ஓடும் என் மடிக்கணினியில் ஒரு பெட்டி எழுந்தது: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா? ஆமாம் கொடுங்கள், அப்போதுதான் திறக்கும் என்றான் மச்சான். கொடுத்தேன். இன்னொரு பெட்டி வந்தது. முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான், எதையும் கடைசி வரி வரை படிக்காமல் விடமாட்டேன். கடைசி வரியில், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று இருந்தது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"அந்த நோட்டக் குடு," என்றேன்.

டிஸ்க்கின் அடியிலிருந்து உரித்த சீட்டு இருந்தது. 'லினக்ஸில் மட்டும் திறக்கும். விண்டோஸ் ஃபார்மேட் கேட்கும். வேண்டாம் என்று சொல்.' கீழே ஃபைல் சிஸ்டத்தின், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை எழுதி வைக்கும் முறையின், பெயர். அவள் ஒருமுறை இதை எனக்கு விளக்கியிருக்கிறாள். பதிவின் நடுவே கரண்ட் போனாலும், என்ன எழுதிக்கொண்டிருந்தோம் என்று இது குறித்து வைத்திருக்கும், மறுபடி எழுந்து சரிசெய்துகொள்ளும் என்று. நான் அன்று பேப்பர் படித்துக்கொண்டே தலையாட்டினேன்.

மச்சான் தன் கம்பெனி இன்ஜினியரைப் போனில் பிடித்தான். அவர் சொன்னபடி ஒரு பென் டிரைவில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, அதிலிருந்தே மடிக்கணினியைக் கிளப்பினோம். டிஸ்க் திறந்தது. நாற்பத்தொரு பாடங்கள், வரிசை எண்ணோடு.

நகலெடுக்கும்போது அடுத்த தகராறு. பெரிய பென் டிரைவில் இடம் ஏராளமாக இருந்தும், ஃபைல் பெரிது என்று திருப்பிவிட்டது. அதில் இருந்தது பழைய முறை, ஒரு ஃபைல் நாலு ஜிபியைத் தாண்டக் கூடாது. பாடத்தை இரண்டாக வெட்டிவிடலாம் என்றான் மச்சான்.

"வேண்டாம்டா. கை பாதி தூக்கியிருக்கும்போது வெட்டுனா, வார்த்தைய பாதியில விட்ட மாதிரி."

கடைக்குப் போய், தனியாக அடாப்டர் கேட்காமல் யுஎஸ்பி வயரிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும் சின்ன டிஸ்க் ஒன்று வாங்கி வந்தான். அதை எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் செய்தோம். பள்ளியின் விண்டோஸிலும் திறக்கும், புது டீச்சரின் மேக்கிலும் திறக்கும், பெரிய ஃபைலையும் ஏற்கும். நகல் முடிய மாலையாகிவிட்டது. பெரிய டிஸ்க்கில் ஒன்றையும் தொடவில்லை. நோட்டிலிருந்து இரண்டு சீட்டுகளை மட்டும் பிரித்து, ஒன்றை டிஸ்க்கிலும் ஒன்றை அடாப்டரிலும் திரும்ப ஒட்டினேன்.

சொன்னதற்கு ஒருநாள் தாமதமாகப் பள்ளிக்குப் போனேன். வகுப்பில் பதினோரு பிள்ளைகள். திரையில் என் மனைவி முதலில் கேமராவைச் சரிசெய்தாள், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது இரண்டு பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள். இடது உள்ளங்கை கோடு, வலது விரல்கள் அதன் கீழே பகுதி எண். பதினோரு ஜோடிக் கைகள் அவளோடு சேர்ந்து அசைந்தன. அறையில் சத்தமே இல்லை.

புது டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து செய்து பார்த்துக்கொண்டிருந்தார். முன் வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து வந்து, அவருடைய வலது கையைப் பிடித்து இரண்டு அங்குலம் கீழே இறக்கினாள். டீச்சர் மறுபடி செய்தார். சிறுமி யோசித்தாள். பிறகு, பரவாயில்லை என்பதுபோல் தலையசைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.