சண்டைக்குச் சிரிப்பவள்

வேலை முடிந்து வந்த பெயிண்டர் முகம் கழுவியதுமே பெண்டாட்டி ஆரம்பித்துவிட்டாள். "ஈரத் துண்டைக் கட்டில்மேல போடாதன்னு எத்தனை தடவ சொல்றது? காதுல பஞ்சா வச்சிருக்க?"

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தாள். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் பெல்ட் போட்டு உட்கார்த்தியிருந்த குட்டி, எச்சில் வழியச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குட்டி மேலேயிருந்து விழுந்து மூளையில் அடிபட்டதிலிருந்து அந்த வீட்டில் பேச்சே கிடையாது. 'பிடி', 'நகரு', 'மருந்து குடுத்தாச்சா' என்பதோடு சரி. அப்புறம் ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்ததற்கு இரண்டு பேரும் காட்டுக்கத்தல் கத்தினார்கள். பின்னால் ஏதோ சத்தம். திரும்பினால், குட்டி சிரிக்கிறாள்! ஆளை அடையாளம் தெரிவதே சந்தேகம் என்று டாக்டர் கைவிரித்த பிள்ளை, வயிறு குலுங்கச் சிரிக்கிறாள். பாட்டுக்கு இல்லை, பொம்மைக்கு இல்லை, அப்பனும் அம்மாவும் அடித்துக்கொண்டால் மகாராணிக்குச் சிரிப்பு வருகிறதாம்.

அன்றிலிருந்து தினமும் சண்டைதான். அவன் வேண்டுமென்றே பெயிண்ட் செருப்போடு உள்ளே வருவான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் பரம்பரையையே இழுப்பாள். கல்யாணமான புதுசில்கூட அவர்கள் இவ்வளவு பேசியதில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தச் சாயங்காலங்கள் அவளுக்குப் பிடித்திருந்தன.

இந்த வாரம் குட்டி சிரிக்கவே இல்லை. செருப்புக்கும் இல்லை, துண்டுக்கும் இல்லை.

"நடிக்கிறோம்னு கண்டுபிடிச்சிட்டா," என்றான் அவன். "நெஜமாவே திட்டு."

"எதுக்குன்னு திட்ட?"

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னால் இந்தக் குடும்பம் நிற்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லாவிட்டால் அந்தச் சிரிப்பு ஒரேயடியாகப் போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது. பாவி மனசு, பிள்ளை பக்கமே சாய்ந்தது.

"ஏணிய ஏன் சுவத்துல சாத்தி வச்சிட்டுப் போன?" குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "வேலை முடிஞ்சா கீழ படுக்கப் போடத் தெரியாதா உனக்கு? எம்பிள்ளைய இப்படி ஆக்கிட்டியே!"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "நான் வச்சேன். சரி. நீ எங்க போன? உங்கக்காகிட்ட போன்ல ஊர்க்கதை பேசிட்டுதானே இருந்த? ஏணி உச்சியில நின்னு 'அம்மா, இங்க பாரு'ன்னு கத்தியிருக்கா. பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கு. உனக்குக் கேக்கல!"

"கேட்டுச்சு," என்றாள் அவள். "இரு வரேன்னு சொன்னேன்."

குட்டி சிரித்தாள். நாற்காலி கிடுகிடுவென்று ஆட, தலை பின்னால் சரிய, மூச்சு வாங்கச் சிரித்தாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கத் துணியாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சிரிப்பு மெல்ல அடங்கியது. குட்டி கழுத்தை வளைத்து அப்பா முகத்தையும் அம்மா முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள், வாய் பாதி திறந்தபடி, இன்னும் வேண்டும் என்பதுபோல.