மாடி அறைக்கு ஒரு வாடகை ஒப்பந்தம்

1

இந்தக் கதையை நான் முதலில் எழுதியது ஒரு வாடகை ஒப்பந்தமாக. இரண்டு வருடத்துக்கு முன் அக்காவுக்காக எழுதிக் கொடுத்தேன். இரண்டே பக்கம். நான் எழுதியவற்றில் ஒரு வங்கி நம்பிக் கடன் கொடுத்தது அதற்கு மட்டும்தான். எழுதும்போது அதைப் பொய் என்றே நினைத்தேன். அது எப்படிப் பொய்யில்லாமல் போயிற்று என்பதுதான் கதை.

2

இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: "அடைமழையில் யாரோ கதவைத் தட்டினார்கள். அக்கா திறந்தபோது, நனைந்த பெட்டிகளோடு—"

வேண்டாம். அன்று மழையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை, சுள்ளென்று வெயில். சின்ன லாரியிலிருந்து ஒரு தையல் மெஷினும் நான்கு பெட்டிகளும் இறங்கின. பின்னாலேயே அத்தானின் தம்பி, அவர் மனைவி, பத்து வயது மகள். (அத்தான், அக்காவின் கணவர், லிஃப்ட் பழுது பார்க்கிறவர். தம்பியை எல்லாரும் சின்னவர் என்போம்.) அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அச்சு இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார் சின்னவர். எந்த வியாபாரமும் எழுந்திருக்காத வருடம் அது. தொழிற்சாலையை இழுத்து மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்கிறவரை இங்கே வந்து இருங்கள் என்று அத்தான்தான் கூப்பிட்டார்.

வீட்டில் ஒரே படுக்கையறை. அது பெண்களுக்கு. அத்தான் கூடத்தில். சின்னவர், குளியலறைக்குப் போகும் நடையில் பாய் விரித்தார். அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. காலை ஷிப்டுக்குக் குளித்துக் கிளம்ப, தினமும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் தூங்குகிறவர்போல் கண்ணை மூடிக்கொள்வார். அவர் விழித்திருப்பது தெரியாதவள்போல் அக்கா தாண்டுவாள். நான்கு மாதம் தாண்டினாள். பிறகு மாடியில் ஓர் அறை கட்டியே தீருவது என்று முடிவு செய்தாள்.

3

கடன் அதிகாரியை முதல் பிரதியில் கல்நெஞ்சக்காரியாக எழுதியிருந்தேன். கதைக்கு அது வசதி. ஆனால் அக்காவோடு போனவன் நான். அந்த அம்மாள் அப்படியில்லை. சம்பளச் சீட்டுகளை இரண்டு தடவை பார்த்தார். அக்கா, அத்தான் இருவர் சம்பளமும் போதாது என்று சொல்ல அவருக்கே சங்கடமாக இருந்தது. யார் அந்த அறையில் இருக்கப் போகிறார்கள் என்று கேட்டார். கொழுந்தனார் குடும்பம், அவர் மனைவி கடைக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறாள் என்றாள் அக்கா.

"வாடகை குடுப்பாங்களா? குடுப்பாங்கன்னா அதையும் வருமானத்துல சேர்க்கலாம். ஒப்பந்தம் வேணும்."

அக்கா என்னைப் பார்த்தாள். திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள்: "நீதான் கதை எழுதறவனாச்சே. எழுது."

4

(இந்தப் பகுதியை ஐந்து முறை எழுதி அடித்துவிட்டேன். பெரியவர்கள் நால்வரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்கள், நான் வாசித்தேன். இதற்குமேல் அலங்காரம் தேவையில்லை.)

"ஒரு மாத அறிவிப்பின் பேரில் குடியிருப்பவர் காலி செய்து தர வேண்டும்" என்ற வரிக்கு வந்ததும் சின்னவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அத்தான், இது வெறும் காகிதம், வங்கிக்குக் காட்டத்தான் என்று சமாதானம் சொன்னார்.

அக்காவின் ஓரகத்தி, அதாவது சின்னவரின் மனைவி, அதுவரை வாய் திறக்கவில்லை. அவரைப் 'பாவம், அமைதியானவர்' என்று எழுதி வைத்திருந்தேன். அந்த வரியை இங்கே அடித்துவிடுகிறேன்.

"இதுல இருக்கிறபடி நடக்கிறதா இருந்தா கையெழுத்துப் போடறோம். காட்டறதுக்கு மட்டும்னா வேண்டாம்" என்றார்.

அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. "தம்பிகிட்ட வாடகை வாங்குற அளவுக்கு நான் கெட்டுப் போகலைம்மா."

"வாங்கலேன்னா நாங்க விருந்தாளிங்க, மாமா. விருந்தாளி எத்தனை மாசம் இருக்கலாம்? நீங்களே சொல்லுங்க."

சின்னவர் பேனாவை எடுத்தார். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான், நடுங்கவில்லை. அடுத்து அத்தான் போட்டார். போட்ட கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

5

அறை எழும்பியது. கம்பி விலை ஏறியதால் கூரைக்குத் தகரம். ஜன்னலுக்கு, எங்கோ இடித்த வீட்டின் சட்டம். மணல் மூட்டைகளைச் சின்னவரே சுமந்து ஏற்றினார். முதல் வாடகையை ஓரகத்தி உறையில் போட்டு மேசைமேல் வைத்தபோது அத்தான் இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அக்கா எடுத்து வங்கியில் கட்டிவிட்டு வந்தாள்.

பிறகு நடந்ததை நான் கற்பனை செய்திருக்க முடியாது. தம்பி படுத்திருந்த நடையில் கேட்காமல் கொள்ளாமல் போய் வந்துகொண்டிருந்த அத்தான், மாடிக்குப் போனால் கதவைத் தட்டிவிட்டு வெளியே நின்றார். ஜன்னலோரம் ஒழுகியபோது ஓரகத்தி தயங்காமல் இறங்கி வந்து, ஒழுகுது, பார்த்துக் குடுங்க என்று கேட்டார். கீழே இருந்த காலம் முழுக்க ஒரு டம்ளர் வெந்நீர் கேட்கக்கூடத் தயங்கியவர் அவர்.

6

இங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல கதை. ஆனால் போன மாதம் அத்தானை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்போது அக்கா சம்பளமும் மாடி வாடகையும்தான் கடனைத் தாங்குகின்றன. இந்த வாரம் பார்த்து, தூரத்து ஊர் அச்சகம் ஒன்று சின்னவரை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) சின்னவர் அண்ணனுக்காக வேலையை விட்டுக்கொடுக்கிறார். (வாசகர் அழுவார். அவர் மனைவி என்னைச் சும்மா விடமாட்டார்.)

ஆ) அவர்கள் போகிறார்கள். அறைக்கு வேறு யாரோ வருகிறார்கள். அத்தான் அவர்கள் கதவையும்—

இ) அவர்கள் போகிறார்கள், காலி அறைக்கு மாதாமாதம் அங்கிருந்து வாடகை அனுப்பி, கடைசியில்—

முடிக்க வரவில்லை. சனிக்கிழமை காலை நேரே போனேன். எல்லாரும் மாடி அறையில் இருந்தார்கள், அத்தான் உட்பட. தைக்காத திரைச்சீலைகள் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. பையிலிருந்து தாள்களை எடுத்து, மூன்றில் எது நடக்கும் என்று ஓரகத்தியிடமே கேட்டுவிட்டேன்.

அவர் வாங்கிப் பார்க்கவில்லை. "இதை நாங்க பேசி முடிச்சுக்கறோம். நீங்க எழுதாம உக்காருங்க."

அத்தான் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்தேன். சின்னவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணே, முதல்ல உங்க மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க" என்றார்.

அத்தான் சொல்லத் தொடங்கினார். நான் எழுதவில்லை.